தோட்டத்து வீட்டுக்கு மினி டிராக்டர்: பாரம் தூக்க, மண் திருத்த எதைப் பார்த்து வாங்குவது?

கோவை, திருப்பூர், ஈரோடு சுற்றுவட்டாரத்தில் ஒன்றிரண்டு ஏக்கர் தோட்டத்துக்குள் வீடு கட்டிக் குடியிருப்பவர்களுக்கு உழவு வேலை வருஷத்தில் சில நாள்தான். மீதி நாளெல்லாம் வேறு வேலை. விழுந்த தென்னை மட்டையை இழுத்துப் போடுவது, கட்டுத்தரைக் குப்பையை மரத்தடிக்குக் கொண்டுபோவது, வேலிக்குக் கல்லுக்கால் நடுவது, மழையில் அரித்துப்போன வண்டித்தடத்தை நிரப்புவது, வாசலில் புல்தரை போட மண் அடிப்பது. ஆளுக்குச் சொல்லிவிட்டு நாலு நாள் காத்திருப்பதற்குப் பதில் ஒரு மினி டிராக்டர் வாங்கிப் போடலாமே என்று தோன்றும்.

ஷோரூமில் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை ஏக்கருங்க?" என்பது. அது உழவுக்கான கேள்வி. அதற்குப் பதில் சொன்னால் உழவுக்கு ஏற்ற வண்டியைத்தான் காட்டுவார்கள். தூக்குகிற வேலைக்கு வாங்குபவர் கேட்க வேண்டியவை வேறு: என்ன எடை, பின் அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் அந்த எடை நிற்கும், எந்தச் சந்துக்குள் வண்டி போய்த் திரும்ப வேண்டும். எச்பி கணக்கெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

முதல் படி: தூக்கப்போவதை எடை போடுங்கள்

ஒரு தாளில் வருஷம் முழுக்க வரும் வேலைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே எடையைக் குறியுங்கள். கண்ணளவில் சொன்னால் தப்பாகத்தான் வரும்.

ஏழு அடி நீளம், ஆறு அங்குல அகலம், நாலு அங்குலக் கனமுள்ள கல்லுக்கால் ஏறத்தாழ 85 முதல் 90 கிலோ இருக்கும். கருங்கல் ஒரு கன அடிக்கு 75 கிலோ என்று வைத்தால் எந்தக் கல்லுக்கும் கணக்குப் போட்டுவிடலாம். 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் நிறைத்தால் டிரம்மோடு 200 கிலோவைத் தாண்டும். சிமெண்ட் மூட்டை 50 கிலோ. ஈரச் செம்மண் கன அடிக்கு 45 முதல் 50 கிலோ. எம்-சாண்ட் ஒரு யூனிட், அதாவது 100 கன அடி, நாலரை டன் அளவு வரும். அதை டிராக்டருக்குப் பின்னால் 300 கிலோ பிடிக்கும் தட்டில் அள்ளி நகர்த்தினால் பதினைந்து நடை.

இந்தப் பட்டியலில் அடிக்கடி வருகிற, 300 கிலோவுக்குள் அடங்குகிற வேலைகள் எவை என்று பாருங்கள். அவைதான் மினி டிராக்டரின் வேலை. வருஷத்துக்கு ஒருமுறை வரும் பெரிய பாறை, பட்டுப்போன வேம்பின் தூர், குட்டை வெட்டுவது ஆகியவற்றைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். ஜேசிபி அரை நாளில் முடிக்கும் வேலைக்காக டிராக்டரைப் பெரிதாக வாங்குவது வீண். போர் மோட்டார் தூக்கவும் உதவும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆயிரம் அடி போர் சாதாரணமாகிவிட்ட ஊரில் குழாயோடு மோட்டாரைத் தூக்குவது அதற்கென்று உள்ள வண்டியின் வேலை.

பட்டியலைச் சுருக்கிய பிறகு மாசத்துக்கு ஓரிரண்டு நாள் வேலைதான் மிஞ்சுகிறது என்றால் வாங்கவே வேண்டாம். வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரையும் மண் அள்ளும் இயந்திரங்களையும் வாடகைக்கு விடுகிறது. உழவன் செயலியிலேயே பதிவு செய்யலாம். ஒரு பருவம் அப்படி ஓட்டிப் பார்த்தால் உங்கள் தோட்டத்துக்கு என்ன தேவை என்பதும் தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: டேப்பை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று

வண்டி அகலத்தை எல்லோரும் பார்ப்பார்கள். இந்த ரகத்தில் பல வண்டிகள் மூன்றரை அடியிலிருந்து நாலு அடிக்குள் அடங்கும். ஆனால் பின்னால் மாட்டும் கருவிதான் பல சமயம் வண்டியைவிட அகலம். மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டரோ மண்ணை நிரவும் லெவல் பிளேடோ மாட்டிய பிறகு வரும் அகலத்தோடு இரு பக்கமும் ஒரு சாண் விட்டு அளக்க வேண்டும். வீட்டுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே உள்ள சந்து, கட்டுத்தரை வாசல், களத்துக்குப் போகும் தடம், படல், எல்லாம் இந்தக் கணக்கில் வரும். தென்னந்தோப்பில் மரத்துக்கு மரம் 25 அடி இருப்பதால் அங்கே பிரச்சினை இல்லை. நடுவில் ஊடுபயிராக ஜாதிக்காயோ கோக்கோவோ வைத்திருந்தால் கதை மாறும். அங்கே தாழ்ந்த கிளைக்கு வண்டியின் உயரம் முக்கியம். வண்டி கவிழ்ந்தால் ஓட்டுகிறவரைக் காக்கப் பின்னால் நிற்கும் பாதுகாப்பு வளைவு மடங்குமா என்று கேளுங்கள்.

தரைக்கு அடியில் இருப்பதையும் மறக்க வேண்டாம். செப்டிக் டேங்க் மூடி, நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி, ஆழமில்லாமல் புதைத்த பைப்லைன். ஒரு டன் வண்டி பாரத்தோடு ஏறினால் வீட்டுக்காகப் போட்ட ஸ்லாப் தாங்காது. சொட்டுநீர் பக்கக் குழாய்கள் தடத்தைக் கடக்கும் இடத்தில் மண்ணுக்குள் ஒரு பெரிய குழாயைப் புதைத்து அதற்குள் விட்டுவிட்டால் தினமும் இறங்கி ஏறும் வேலை மிச்சம்.

மண்ணையும் பாருங்கள். உடுமலை, குடிமங்கலம் பக்கத்துக் கரிசலில் மழைக்கு மறுநாள் 2 வீல் டிரைவ் வண்டி நின்ற இடத்திலேயே சுற்றும். காங்கயம் பக்கத்துச் சரளையிலும் சுக்கான்கல்லிலும் பிடிப்பு உண்டு, ஆனால் குழி தோண்டும் கருவிக்குச் சோதனை.

மூன்றாம் படி: தூக்கும் திறனைச் சரியாகப் படிப்பது

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

விளம்பரத் தாளில் "ஹைட்ராலிக் தூக்கும் திறன் 750 கிலோ" என்று இருக்கும். அது கருவி மாட்டும் பின்பக்கக் கீழ்க்கைகள் இரண்டின் நுனியில், குண்டு மாட்டும் இடத்தில், அளந்தது. நீங்கள் தூக்கும் பாரம் அந்த நுனியில் ஒருநாளும் நிற்காது. தட்டின் நடுவில், இரண்டடி பின்னால் நிற்கும். பின்னால் போகப் போகத் தூக்கும் திறன் குறையும். நான் தாளில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும்தான் கணக்கில் எடுப்பேன். பட்டறையில் நீளக் கம்பம் அடித்து நுனியில் சங்கிலி போட்டுத் தூக்குவதானால் அதைவிட இன்னும் வெகுவாகக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

டீலரிடம் புத்னி அறிக்கையைக் கேளுங்கள். மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்ற ஊரில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, பரிசோதனை நிலையம் இருக்கிறது. டிராக்டர்களைச் சோதித்து அது தரும் அறிக்கையில் தூக்கும் திறன் இரண்டு விதமாக இருக்கும்: நுனியில் ஒன்று, 610 மில்லிமீட்டர் பின்னால் நிற்கும் சட்டத்தில் இன்னொன்று. இரண்டாவதுதான் உங்களுக்கு வேண்டியது. விற்பனைக்காரரிடம் அறிக்கை கையில் இல்லையென்றால் கம்பெனியிடம் வாங்கித் தரச் சொல்லலாம்.

ஆனால் ஹைட்ராலிக் தூக்கிவிட்டால் போதாது. வண்டியின் முன்பக்கம் தரையில் இருக்க வேண்டும். குபோட்டா நியோஸ்டார் பி2441 வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 24 எச்பி, எடை 630 கிலோ, தாளில் தூக்கும் திறன் 750 கிலோ. தன் எடையைவிட அதிகம்! நல்ல வண்டிதான், திராட்சை, பழத்தோட்ட வேலைக்கு என்றே லேசாகச் செய்தது. கணக்கை மட்டும் பாருங்கள். முன்சக்கரத்தில் 270 கிலோ நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 1.56 மீட்டர். பின் அச்சிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி 300 கிலோ பாரம் தொங்கினால் முன்பக்கத்திலிருந்து 230 கிலோ குறையும். மிஞ்சுவது 40 கிலோ. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வண்டி நேராகவே போகும். ஒரு வரப்பு ஏறினால் முன்பக்கம் வானத்தைப் பார்க்கும்.

வண்டியின் சொந்த எடையில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்காவது முன்சக்கரத்தில் இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஒரு டன்னைத் தாண்டும் வண்டியில் அதே 300 கிலோவை மாட்டினால் இந்த விதிக்குள் ஏறக்குறைய அடங்கிவிடும். லேசான வண்டியில் முன்னால் இரும்புத் தட்டு மாட்டலாம்: முன் அச்சுக்கு அரை மீட்டர் முன்னால் 80 கிலோ மாட்டினால் முன்சக்கரத்தில் நூறு கிலோவுக்கு மேல் ஏறும். அதனால்தான், தூக்கும் வேலைக்கு என்றால், ஒரே எச்பியில் இரண்டு வண்டி இருந்தால் எடை கூடியதை எடுங்கள் என்பேன். உழவுக்காரர்கள் மண் இறுகிவிடும் என்று வேறு மாதிரி சொல்வார்கள். அவர்கள் கணக்கு அவர்களுக்குச் சரி.

நான்காம் படி: முன்பக்க லோடர் வேண்டுமா?

வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு எல்லோரும் கேட்பது இதைத்தான். சிறிய டிராக்டருக்கு முன்னால் பக்கெட் மாட்டி மண் அள்ளி, உயரத்தில் கொட்டுவார்கள். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும்.

நம் ஊரில் விற்கும் லோடர்களில் பெரும்பாலானவை 40 எச்பிக்கு மேற்பட்ட பெரிய டிராக்டருக்கானவை. 24 எச்பி வண்டிக்கு உள்ளூர்ப் பட்டறையில் அடித்துத் தருவார்கள். நம் பட்டறைக்காரர்கள் எதையும் அடித்துவிடுவார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் முன் அச்சு அந்தப் பாரத்துக்காகச் செய்ததா என்பதைப் பட்டறையில் சொல்ல முடியாது. சேசிஸில் துளை போட்டால் வாரண்டி போகலாம். ஆகவே, இந்த மாடலில் லோடர் மாட்டலாமா, எவ்வளவு கிலோ வரை என்று கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தை வேண்டாம்.

எழுத்தில் சம்மதம் கிடைத்தால் நாலு விஷயம் பாருங்கள். 4 வீல் டிரைவ் கட்டாயம். 2 வீல் டிரைவில் பிரேக் பின்சக்கரத்துக்கு மட்டும், முன்னால் பாரம் ஏறினால் பின்பக்கம் லேசாகிச் சரிவில் பிரேக் பிடிக்காது. பவர் ஸ்டீயரிங் இல்லாமல் பக்கெட் நிறைய மண்ணோடு திருப்பினால் தோள்பட்டை போய்விடும். ஹைட்ராலிக் எண்ணெய் வெளியே எடுக்கத் தனி வால்வு வேண்டும். முன்னும் பின்னும் போக ஒரே லீவர் இருக்க வேண்டும், ஏனென்றால் லோடர் வேலையில் முன்னே போய்ப் பின்னே வருவதுதான் பாதி நேரம். மஹிந்திரா 2023 ஆகஸ்டில் அறிமுகம் செய்த ஓஜா வரிசையில் இந்த வசதி உண்டு.

பின்பக்க எடையும் தேவை. பின் டயரில் முக்கால்வாசி தண்ணீர் நிரப்பினாலோ, பின்னால் கனமான கருவியை மாட்டி வைத்தாலோ பின்பக்கம் நிற்கும். முந்தின படியில் முன்னால் தட்டு, இங்கே பின்னால் தண்ணீர். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

என் அபிப்பிராயம் கேட்டால், முதல் வருஷம் லோடர் வேண்டாம். பின்பக்கத் தட்டு ஒன்று, டிப்பர் டிரெய்லர் ஒன்று இருந்தால் தோட்டத்து வீட்டு வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும். 

ஐந்தாம் படி: கருவிகளை முடிவுசெய்து, அதற்கேற்ற வண்டி

பின்பக்கத் தட்டுதான் முதலில். கீழ்க்கை இரண்டிலும், அவற்றுக்கு மேலே நடுவில் இருக்கும் டாப் லிங்கிலும் மாட்டும் இரும்புச் சட்டம், அதன்மேல் மூன்றடிக்கு நாலடி பலகை. கோவை பட்டறைகளில் சொன்னால் அடித்துத் தருவார்கள். பலகையைச் சக்கரத்துக்கு எவ்வளவு நெருக்கமாகக் கொண்டுவர முடியுமோ அவ்வளவு நெருக்கமாக அடிக்கச் சொல்லுங்கள். ஓரடி உள்ளே வந்தால் முன்பக்கம் எவ்வளவு நிலையாக நிற்கும் என்று மேலே பார்த்த கணக்கே சொல்லும். கீழ்க்கையில் மாட்டும் இரும்புப் பின்களுக்கு 22 மில்லிமீட்டர் கனம்தான் முதல் வகை (கேட்டகிரி 1) கொக்கியின் அளவு. பட்டறையில் கிடைத்த கம்பியைப் போட்டுவிட்டால் லொடலொட என்று ஆடும்.

லெவல் பிளேட் தடம் போடவும் மண் பரப்பவும். கோணம் மாற்ற முடிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஓரமாக ஓடை இழுக்க அது வேண்டும்.

குழி தோண்டும் ஆகர் வேலிக்கால் நட அருமையான கருவி. ஒன்பது அங்குலமோ பன்னிரண்டு அங்குலமோ போதும். தென்னங்கன்றுக்கு மூன்றடிச் சதுரக் குழி என்றால் இதனால் ஆகாது. சுக்கான்கல் வந்தால் ஆகர் சுற்றிக்கொண்டே மேலே நிற்கும்; அழுத்தினால் வெட்டுப்போல்ட் உடையும். அது உடைவதற்காகவே வைத்த போல்ட். அதே தரத்தில் நாலு கூடுதலாக வாங்கி வையுங்கள், கெட்டியான போல்ட் போட்டால் கியர்பாக்ஸ் போகும்.

ரொட்டவேட்டரில் 24 எச்பிக்கு மூன்றரை முதல் நாலு அடி அகலம் போதும். மட்டை, ஓலை தூளாக்கும் இயந்திரத்துக்குத்தான் நிஜமாக எச்பி தேவைப்படும். அதற்கு வாங்குகிறவர் எஞ்சின் எச்பியைப் பார்க்காமல் பிடிஓ எச்பியை, அதாவது கருவியைச் சுற்றவைக்கும் பின்பக்கத் தண்டுக்கு வரும் எச்பியை, பார்க்க வேண்டும். பொதுவாக எஞ்சின் எச்பியில் 80, 85 சதவீதம்தான் பிடிஓவுக்கு வரும். வாசல் புல்தரைக்கு மட்டும் டிராக்டரை இறக்காதீர்கள். உழவு டயரின் பற்கள் திரும்பும் இடத்திலெல்லாம் புல்லைப் பிய்த்துவிடும். அதற்குக் கையால் தள்ளும் இயந்திரமே போதும்.

ஆறாம் படி: மாடல்களைச் சுருக்குவது

மட்டை, குப்பை, கல்லுக்கால், தண்ணீர் டிரம் மட்டும் என்றால் ஸ்வராஜ் 717, மஹிந்திரா யுவராஜ் 215 மாதிரி 15 எச்பி ஒற்றை சிலிண்டர் வண்டிகளே போதும். 2 வீல் டிரைவ், எளிய எஞ்சின், எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். அதிர்வு இருக்கும், அது தெரிந்துதான் வாங்க வேண்டும். சரிவும் கரிசலும் ரொட்டவேட்டரும் சேர்ந்தால் மஹிந்திரா ஜீவோ 245, குபோட்டா பி2441 போன்ற 24 எச்பி 4 வீல் டிரைவ் வண்டிகள். எடையும் நிலைத்தன்மையும் வேண்டும், லோடர் யோசனையும் இருக்கிறது என்றால் ஜான் டீர் 3028 இஎன் அல்லது ஓஜா வரிசை. ஆனைகட்டி, தடாகம் மாதிரி மலையடிவாரச் சரிவில் இருப்பவர்கள் முதல் வகையைப் பார்க்கவே வேண்டாம்.

விலையைப் பழைய வீடியோவில் பார்த்து வைத்திருந்தால் மறந்துவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. இரண்டு மூன்று ஊர் டீலரிடம் புதிய விலைத்தாள் வாங்கி ஒப்பிடுங்கள். கோவை கொடிசியாவில் நடக்கும் அக்ரி இன்டெக்ஸ் கண்காட்சியில் எல்லா வண்டியும் ஒரே இடத்தில் நிற்கும். ஏறி உட்கார்ந்து, கிளச்சுக்குக் கால் எட்டுகிறதா, வேட்டி லீவரில் மாட்டுகிறதா என்று பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை.

மானியம் வேண்டுமானால் வாங்குவதற்கு முன்னாலேயே வேளாண்மைப் பொறியியல் துறையில் விண்ணப்பிக்க வேண்டும். சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம், அதற்கும் ஒரு உச்சவரம்பு. நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில் விண்ணப்பம் போக வேண்டும். டிரெய்லருக்குத் தனிப் பதிவு என்பதையும் டீலரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

ஏழாம் படி: வாங்கும் முன் ஒரு சோதனை

டெமோ என்றால் ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டுவார்கள். அதில் ஒன்றும் தெரியாது. வண்டியை உங்கள் தோட்டத்துக்கு வரச் சொல்லுங்கள். பின்னால் தட்டை மாட்டி ஆறு சிமெண்ட் மூட்டை அடுக்குங்கள், 300 கிலோ. தூக்கியதும் எஞ்சினை நிறுத்தி, தட்டின் அடிமட்டத்துக்கு நேராகச் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். அரை மணி நேரம் டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். ஒரு விரல் இறங்கியிருந்தால் பரவாயில்லை. சாண் கணக்கில் இறங்கியிருந்தால் அந்த வண்டி வேண்டாம்.

அப்புறம் அதே பாரத்தோடு ஊர்ந்து போகும் கியரில் தோட்டத்துக்குள் ஒரு வளைவு எடுங்கள். ஓட்டுகிறவரையே கேளுங்கள். "முன்னால கொஞ்சம் மிதக்குதுங்கண்ணா" என்று அவரே சொல்லிவிட்டால் முன்பக்க எடைத் தட்டு இலவசமாகப் போடச் சொல்லிப் பேரம் பேச அதுதான் நேரம்.

சர்வீஸ் ஆள் எந்த ஊரிலிருந்து வருவார் என்று கேளுங்கள். பொள்ளாச்சியில் வாங்கிய வண்டிக்குக் கோபியில் இருப்பவர் மெக்கானிக்குக்காகக் காத்திருக்கக் கூடாது. கிளச் பிளேட், ஹைட்ராலிக் சீல், முன் அச்சு ரப்பர் ஆகியவை கையிருப்பில் இருக்கிறதா என்று பார்ட்ஸ் கவுண்டரில் நீங்களே போய்க் கேட்பது நல்லது. விற்பனைப் பகுதியில் கேட்டால் எல்லாமே இருக்கும்.

எட்டாம் படி: வண்டி வீட்டுக்கு வந்த பிறகு

பாரம் எப்போதும் மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும். பின்னால் பாரம் என்றால் மேடு ஏறும்போது ரிவர்ஸில் ஏறுங்கள், இறங்கும்போது நேராக இறங்குங்கள். முன்னால் லோடரில் பாரம் என்றால் இதற்கு நேர்மாறு. எதுவானாலும் தரையிலிருந்து ஒரு அடிக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓட்ட வேண்டாம்.

பிடிஓ நிமிஷத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு ஒன்பது. துண்டு நுனியோ சேலைத் தலைப்போ மாட்டினால் கையை எடுக்க நேரம் இருக்காது. தண்டுக்கு மேலே போடும் பிளாஸ்டிக் உறை உடைந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். கருவியில் மட்டை சிக்கினால் எஞ்சினை நிறுத்தி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்குங்கள். பாதுகாப்பு வளைவு உள்ள வண்டியில் பெல்ட் போடுங்கள், வளைவு மடக்கியிருக்கும்போது பெல்ட் போடாதீர்கள்.

கல்லுக்காலைச் சங்கிலி கட்டி இழுப்பதானால் சங்கிலி கீழேயுள்ள இழுவைக் கம்பியில்தான் மாட்ட வேண்டும். டாப் லிங்க் இடத்தில் மாட்டி இழுத்தால் பின்சக்கரத்தைச் சுற்றி வண்டி பின்னால் கவிழும்.

முதல் பத்து மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு சக்கர நட்டுகளையும், லோடர் இருந்தால் அதன் பிடிப்பு போல்ட்டுகளையும் ஒருமுறை இறுக்குங்கள். முதல் சர்வீஸ் பெரும்பாலும் 50 மணி நேரத்தில் வரும். வீட்டு வேலையில் அந்த 50 மணி ஓட மாசக்கணக்காகும் என்பதால், நாள் கெடுவும் இருக்கிறதா என்று வாரண்டிப் புத்தகத்தில் பார்த்துச் சுவர் காலண்டரில் குறித்து வையுங்கள்.